மூன்றாம் அறையில் ஒரு கிடாய்

கல்முனையில் ஓட்டோ பிடித்து "கைருன்னிஸா தாத்தாட விடுதி" என்றால் போதும், கேள்வி கேட்காமல் கடற்கரை வீதியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்; தாத்தா என்றால் இந்த ஊர் முஸ்லிம்களிடம் அக்கா. கீழும் மேலுமாக ஆறே அறைகள். வந்தவரை வாசலில் வைத்து இல்லை என்று அவள் திருப்பி அனுப்பியதாக ஒருவருக்கும் ஞாபகமில்லை. புறாக்கூண்டோடு வந்த மந்திர வித்தைக்காரனுக்கும் இடம் கொடுத்திருக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டி வடை சுட்ட கலியாணக் கூட்டத்துக்கும் கொடுத்திருக்கிறாள். அவளுடைய கணவன் மர்சூக்தான் ஒவ்வொரு தடவையும் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஈஸ்டர் ஞாயிறில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்து, முஸ்லிம்களைச் சந்தேகமாகப் பார்த்த அந்த வருடம், சுகமில்லாத வாப்பாவை டொக்டரிடம் காட்ட அவள் வெளியூர் போயிருந்தாள். அங்கே ஒரு விடுதிக்காரன் அவளுடைய அபாயாவை மேலும் கீழும் பார்த்தான். அறைச் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்க, "இடமில்லை" என்றான். வாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் நிலைய வாங்கிலேயே அவள் விடியும் வரை இருந்தாள். பிறகு சொந்தமாக விடுதி திறந்தபோது, அந்தச் சொல் தன் வாயால் வரக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை மீராமுகைதீன் வந்தார். பிறந்தது கல்முனை, இளவயதிலேயே குருநாகல் பக்கம் போய்க் கடை வைத்தவர். சொந்த ஊரில் குர்பான் கொடுத்து இறைச்சியைப் பங்கிட ஆசை. மூன்றாம் அறையை எடுத்தார், பெருநாள் வரைக்குமான வாடகையை முன்கூட்டியே கட்டினார், அமைதியான மனிதராகத்தான் தெரிந்தார்.

மறுநாள் காலை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வவுனியாவிலிருந்து வந்து நாலாம் அறையில் தங்கியிருந்த கேதீஸ்வரி ஒரு சேலையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். முந்தானையில் பாதியைக் காணவில்லை.

"அக்கா, பல்கனியில காயப்போட்ட சாறி. பக்கத்து அறை ஆடு திண்டுட்டுது."

"ஆடா?"

மேலே போய்ப் பார்த்தால், மூன்றாம் அறைக் குளியலறைக்குள் கன்றுக்குட்டி அளவில் ஒரு கறுப்புக் கிடாய். கைருன்னிஸா குசினியில் நின்ற நேரம் மீராமுகைதீன் அதைப் பின்படியால் ஏற்றியிருக்கிறார். அறை முழுக்கப் புழுக்கை, வாடை தலையைச் சுற்றியது. "சுல்தான், சலாம் சொல்லு" என்று மீராமுகைதீன் அதன் முதுகைத் தடவினார்.

"இண்டைக்கே ஆளையும் ஆட்டையும் எழுப்புங்க" என்று மர்சூக் குதித்தான். கைருன்னிஸாவுக்கு அந்த விடுதிக்காரனின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. கீழே வந்து, சட்டத்தரணியாக இருக்கும் அக்காவின் மகள் அப்ராவுக்குக் கோல் எடுத்தாள்.

"சாச்சி, உடுப்பையும் சமயத்தையும் பாத்து இல்லை எண்டு சொல்றது வேற, ஒராள்ட வேலையால மத்தவங்க இருக்க ஏலாம இரிக்கிறது வேற. இவர எழும்பச் சொல்ல உங்களுக்கு உரிமை இரிக்கி. ஆனா ஆள்ல கை வைக்கப்படாது, சாமான வெளிய எறியப்படாது. மிச்ச நாள் வாடகையக் குடுத்திடுங்க. மரியாதையாச் சொல்லி, கொஞ்சம் நேரம் குடுங்க. அதுக்கும் கேக்காட்டி பொலிஸக் கூப்பிடுங்க."

"நான் அவன மாதிரி ஆகிடுவனோ எண்டு பயமா இரிக்கி, மகள்."

"அவன் உங்களப் பாத்தான் சாச்சி. நீங்க ஆட்டப் பாக்கிறீங்க!"

கைருன்னிஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு படியேறினாள்.

"காக்கா, ஆடு இஞ்ச இருக்க ஏலா. விடமாட்டீங்க எண்டா நீங்களும் அறைய விடத்தான் வேணும். மிச்ச வாடகையத் தாறன்."

"நான் காசு கட்டின அறை தங்கச்சி. பெருநாள் வரைக்கும் இது என்ட வீடு."

"அறை உங்களுக்குத் தந்த. கிடாய்க்குத் தரல்ல."

அவர் பையைக் கட்டி, கிடாயை இழுத்துக்கொண்டு இறங்கினார். வாசலில் நின்ற ஓட்டோக்காரன் சுல்தானைக் கண்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அடுத்தவனும் அப்படியே. மீராமுகைதீன் களைத்துப்போய் வாசற்படியில் உட்கார்ந்தார்.

கைருன்னிஸா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"எழும்பச் சொல்லிப்போட்டு இதென்ன?"

"அறையாலதானே எழும்பச் சொன்ன. தேத்தண்ணியால இல்லையே."

அப்போதுதான் அவர் மனம் விட்டுக் கதைத்தார். போன வருடம் தெரிந்த ஒருவரின் வளவில் கட்டிய கிடாய் களவு போய்விட்டதாம். பெருநாளன்று வெறுங்கையோடு நின்ற வெட்கம் இன்னும் ஆறவில்லையாம். "அதான் தங்கச்சி, கண்ணுக்கு முன்னாலேயே வெச்சிக்கொண்டன்."

பக்கத்துப் பாண்டிருப்பிலிருந்து பால் கொண்டுவந்த புண்ணியமூர்த்தி சைக்கிளைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"எங்கட மாட்டுக் கொட்டில்ல ஒரு மூலை சும்மா கிடக்கு. கதவுக்குப் பூட்டும் இரிக்கு. சாவிய நீங்களே வெச்சிருங்க."

"களவு போனா?"

"என்ட மாடு ஆறு அங்கதான் நிக்குது. அதுகளத் தாண்டி உங்கட சுல்தானத் தேடி வருவாங்களோ?"

சைக்கிளின் பின்னால் கிடாய், கிடாயின் பின்னால் மீராமுகைதீன். சாப்பாட்டு வேளைக்கு முந்தி அவர் தனியாகத் திரும்பி வந்தார், கழுத்தில் சாவி தொங்கியது. கைருன்னிஸா அவருக்கு மூன்றாம் அறையையே திரும்பக் கொடுத்தாள்; மர்சூக் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கழுவி முடித்திருந்தான். அன்று பின்னேரமே மீராமுகைதீன் மருதமுனைக்குப் போய் நல்ல கைத்தறிச் சேலை ஒன்று வாங்கிவந்து கேதீஸ்வரியிடம் நீட்டினார். "ஆட்டுக்கு என்ர சாறி பிடிச்சதும் நல்லதுக்குத்தான்" என்று அவள் அதை விரித்து விரித்துப் பார்த்தாள்.

பெருநாளன்று குர்பான் நிறைவாக முடிந்தது. இறைச்சிப் பங்கு வாங்க வந்தவர்கள் அவருடைய பெயரைக் கேட்டுக் கேட்டு இறைவனிடம் துஆச் செய்தார்கள். அவர் குருநாகலுக்குப் பஸ் ஏறும்போது கைருன்னிஸா வட்டிலப்பம் கட்டிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த கரைச்சல் மர்சூக்கால்தான். சட்டம் தெரிந்தபிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை.

"இஞ்ச பாருங்க, அஞ்சாம் அறையில இரிக்கிறவர் குளிக்கக்குள்ள பாடுறார். பாட்டு நல்லா இல்லாட்டி எழுப்பலாமோ எண்டு அப்ராக்கிட்ட ஒருக்காக் கேளுங்க."

"நீங்க குளிக்கக்குள்ள பாடுறத நான் இவ்வளவு வருசமாக் கேக்கிறன்" என்றாள் கைருன்னிஸா. "போய் அவருக்கு ஒரு துவாய் குடுத்திட்டு வாங்க."