மாமனார் பெயரில் வந்த கட்டுரைகள்

என் கணவர் இறந்த பிறகும் அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் தொழிலில் இது சகஜம். நாங்கள் இருவரும் துகள் இயற்பியல்காரர்கள். வெளிநாட்டில், பூமிக்கடியில் துகள்களை மோதவிட்டு என்ன சிதறுகிறது என்று பார்க்கும் ஒரு பெரிய கூட்டத்தில் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். அந்தக் கூட்டத்தில் யார் எழுதினாலும் அத்தனை பேர் பெயரும் அகர வரிசையில் அச்சாகும். ஆயிரக்கணக்கான பெயர்கள். நான் படித்தே பார்க்காத கட்டுரைகளுக்கும் நான் ஆசிரியர்.

பாஸ்போர்ட் புண்ணியத்தில் எங்கள் இருவருக்கும் குடும்பப் பெயர் மாமனாருடையது. பட்டியலில் எங்கள் சொந்தப் பெயர்கள் ஓரெழுத்தாகச் சுருங்கிவிடும். மாமனார் பெயர் மட்டும் முழுசாக, அடுத்தடுத்து இரண்டு முறை வரும். கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிற மனிதரை உலகமே மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில்தான் என் கணவருக்கு மாரடைப்பு வந்தது. கோமுகி அணைப்பக்கம் நடந்துவிட்டு வந்து, தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. நான் திரும்பிப் போகவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன், டவுன் பஸ்ஸில் போய்வந்தேன். பழைய வேலையைக் கம்ப்யூட்டர் வழியாகக் கொஞ்சம் தொடர்ந்ததால் என் பெயர் பட்டியலில் இருந்தது. அழுகை வரவில்லை. ‘நெஞ்சழுத்தக்காரி’ என்று உறவில் பேசிக்கொண்டார்கள். பல் வைத்தியர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் முழு உடம்பும் இருந்தது. அதை யாரிடம் விளக்குவது?

சாயங்காலம் பஸ் விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா கேட்பார்: “இன்னாம்மா, இன்னிக்கு எவ்ளோ ஏறியிருக்குது?”

அவருடைய மகன் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைத்தான் கேட்கிறார். செல்போனில் பார்த்துச் சொல்வேன். அது ஏறிக்கொண்டேதான் இருக்கும், இறங்கத் தெரியாது. அந்த மலையளவு எண்ணில் என் கணவர் கைப்பட்ட வேலை சோற்றில் உப்பளவுதான் என்பதை நான் சொல்லவில்லை. என் கல்லூரியில் ஒரு பேராசிரியர், “செத்தவருக்கு இருக்கிற மதிப்பெண் நம்ம காலேஜ் மொத்தத்துக்கும் இல்லை மேடம்” என்றார். பாராட்டாம்.

“வெட்டின பெறவு கட்டைலேர்ந்து மறுபடி தழையுது பாரு, அந்த மாதிரியாம்மா?” என்று மாமா ஒருநாள் கேட்டார். கட்டைக்கரும்பைச் சொல்கிறார். ஆமாம் என்றேன்.

அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தன் பெயரின் வடிவம் மட்டும் தெரியும். புதுக் கட்டுரை வந்தால் பட்டியலைக் காட்டச் சொல்லி, இரண்டு இடத்திலும் விரல் வைப்பார். ஒருமுறை விரல் அப்படியே நின்றுவிட்டது. மகனுடைய வரி முடிவில் ஒரு சின்னச் சிலுவை. குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, அங்க போயி வேதத்துல சேந்துட்டானா? எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“இல்லைங்க மாமா. இறந்தவங்களுக்குப் போடுற குறி.”

“அவ்ளோதானா” என்று மூச்சு விட்டார். பிறகு அவர் சொன்ன வார்த்தை அவருக்கே கேட்டது போலிருக்கிறது. செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

எங்கள் கூட்டத்தில் இறந்தவர் பெயர் ஒரு வருஷம்தான் நிற்கும். பிறகு வரும் கட்டுரைகளில் எடுத்துவிடுவார்கள். எனக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். மகனுக்கு இன்னும் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்ற ஒன்றில்தான் மாமா சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருந்தார். அதைப் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் மகன் பெயர் இல்லாத முதல் கட்டுரை வந்தபோது காட்டாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால், “புதுசு வர்லியா?” என்று கேட்டார். பொய் வாயில் வரவில்லை.

விரல் இறங்கி வந்து தன் பெயரில் நின்றது. அடுத்த வரிக்குப் போனது. மேலே வந்தது. மறுபடி கீழே.

“ஒண்ணுதான் இருக்குது.”

“ஆமாங்க மாமா. அது என்னோடது.”

“அவன் எடத்துல வேற யாரோ ஒக்காந்துகினு இருக்காங்க.”

“பழைய கட்டுரைங்களெல்லாம் அப்படியேதான் இருக்கும். நம்பர் ஏறும்.”

“ஏறிகினே போவும்” என்றார். விரலை எடுத்துக்கொண்டார். “ஆளுதான் இல்ல.”

மறுநாள் பஸ் விட்டு வந்தேன். வாசலில் மாமா களைக்கொத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். செருப்பை மெதுவாகக் கழற்றினேன். பையை வைத்தேன். செல்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

“காப்பி வெச்சிருக்கேன், ஆறிடப்போவுது” என்றார். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்கவில்லை.

என் கணவர் செத்துப்போய்விட்டார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுப்படியில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.