பதினாலு நாள் நனையக் கூடாத கை

1991ஆம் வருடம், ஆடி மாதம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் பென்னலூரில் ஒரு ஓட்டு வீட்டில் நானும் கணவரும் நான்கு வயது மகளும் குடியிருந்தோம். அவர் மெயின் ரோட்டு ஓரமாக இருந்த ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினார். நான் தண்டலம் பக்கம், காயில் என்கிற கம்பிச்சுருள் சுற்றும் ஒரு சின்ன கம்பெனியில் டெம்பரரியாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மெஷினில் சுற்ற வேண்டும். பிடி கொஞ்சம் இறுகினாலும் கம்பி அறுந்துவிடும். எனக்கு அந்த வேலை நன்றாக வந்தது. சேர்ந்த மூன்றாம் மாதமே புதிதாக வருகிறவர்களை என் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்து வலது ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஒரு மரு முளைத்தது. சொரசொரப்பான மரு. கம்பி அதில் மாட்டி மாட்டி அறுந்தது. ஒருநாள் ஆத்திரத்தில் கணவருடைய சவர பிளேடை எடுத்து அதைச் சீவிவிட்டேன். ரத்தம் கொட்டியது, பிறகு காய்ந்தது. இரண்டே மாதத்தில் ஒன்று இருந்த இடத்தில் ஏழு. கட்டைவிரலுக்கும் பரவிவிட்டது.

எங்கள் லைன் சூப்பர்வைசர் ஒரு பெண்மணி. சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. ஒருநாள் என் பின்னால் வந்து நின்று, "இன்னாம்மா, காலைலேர்ந்து உன்னுதுலயே அறுந்துகினு கீது? கைய காட்டு" என்றார். காட்டினேன். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டராண்ட போ. பதினஞ்சி நாள் லீவு எழுதிக் குடு. அடுத்த மாசம் பெர்மனன்ட் லிஸ்ட் போடறாங்க. அதுக்குள்ள கைய சரி பண்ணிகினு வந்துடு. அதுக்கு மேல உன் சீட்ட காலியா வச்சிகினு என்னால உக்கார முடியாது."

மறுநாளே கணவர் என்னைக் காஞ்சிபுரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். விரல் மரத்துப்போக ஊசி போட்டு, ஏழு மருவையும் கரண்டால் சுட்டு எடுத்தார் டாக்டர். கருகல் வாசனை வந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வலி ஒன்றும் பெரிதாக இல்லை. கட்டுப் போட்டுவிட்டு அவர் சொன்னதுதான் மலைப்பாக இருந்தது.

"எடுக்கறது பத்து நிமிஷ வேலைம்மா. ஆறவைக்கறதுதான் உன் வேலை. பதினாலு நாள் இந்தக் கையில தண்ணி படக் கூடாது. சோப்பு, சாம்பல் எதுவும் கூடாது. மேல பொருக்கு கட்டும், அரிக்கும், அதைப் பிய்க்காதே. அது தானா விழணும். உன் துண்டைக் குழந்தைக்குக் குடுக்காதே."

பதினாலு நாள்! தண்ணீர் படாமல் ஒரு பொம்பளை எப்படி வீட்டு வேலை செய்வது? தெருவில் அடிபம்பு, வீட்டில் பாத்திரம், துணி, குழந்தை. எங்களுக்கென்று வந்து நிற்க உறவுக்காரர்களும் பக்கத்தில் இல்லை. பஸ்ஸில் வரும்போது இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கணவரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். "நான் இருக்கறேன் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள், முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நேராகக் குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனார். தண்ணீர் பிடித்தார், பாத்திரம் தேய்த்தார். சோறு வடிக்கத் தெரியாமல் முதல் நாள் குழைத்துவிட்டார், மூன்றாம் நாள் பதமாக வடித்தார். மகளுக்குத் தலை வாரி இரட்டைப் பின்னல் போட்டார். ஒன்று மேலே, ஒன்று கீழே. அவள் அதையே பெருமையாகத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். நான் வலது கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஏதோ விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்திருப்பதுதான் என்னால் முடியவில்லை.

ஐந்தாம் நாள் துணி சேர்ந்துவிட்டது. என் புடவை, உள்பாவாடை எல்லாம் இருந்தது. "அத மட்டும் வச்சிடுங்க, கை ஆறினதும் நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. பம்படியில் கல்லில் போட்டு அடிக்கிற சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. கூடவே ஆம்பளைகள் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

அரை மணி கழித்து எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். "இன்னாமே, உன் வூட்டுக்காரர் பொடவ தொவைக்கறத பாத்து அல்லாரும் சிரிக்கறாங்க. நீ உள்ள உக்காந்துகினு கீற" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

கொஞ்ச நேரத்தில் கணவர் வாளியோடு வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். எல்லார் எதிரிலும் அவரை அழவைத்துவிட்டேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதனால் அடுத்த முறை துணி சேர்ந்தபோது, அவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பியதும் வாளியை நானே தூக்கிக்கொண்டு போனேன். கட்டின் மேல் பாலிதீன் பையைச் சுற்றி நூலால் கட்டிக்கொண்டேன். நாலு துணி அலசுவதற்குள் பை கிழிந்து, சோப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. கட்டு ஊறிப்போனது. வீட்டுக்கு வந்து பிரித்தால் பொருக்கு வெள்ளையாக ஊறி, பாதி பிய்ந்து தொங்கியது. மீதியை நானே எடுத்துவிட்டு, பழைய துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டேன். துணி துவைத்ததைப் பற்றி அவர் கேட்டபோது எதிர்வீட்டு அக்கா உதவியதாகப் பொய் சொன்னேன்.

இரண்டு நாளில் விரல் உப்பிச் சீழ் வைத்தது. அக்குளில் நெறி கட்டி, காய்ச்சல் அடித்தது. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "உங்கள பாத்து சிரிச்சாங்களே, நீங்க அழுதீங்களே, எனக்குத் தாங்கல" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நான் எங்கமே அழுதேன்?"

"கண்ணு செவந்து வந்தீங்களே."

"சோப்பு நுர கண்ல பூந்துட்ச்சிமே! எரிச்சல் தாங்காமதான் வந்து படுத்தேன்." அவரே தொடர்ந்தார். "அவனுங்க சிரிச்சானுங்க, நானுந்தான் சிரிச்சேன். உன் லுங்கியயும் குட்றா, சேத்து தொவச்சித் தரேன்னேன். ஒருத்தன் நெஜமாவே குடுத்துட்டான்."

அந்தக் காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும்தான் வெட்கமாக இருந்தது. அத்தனை நாளாக ஒரே வீட்டில் இருந்தும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவருக்கு என்ன வலிக்கிறது என்பதை நானாகவே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

டாக்டர் கையைப் பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார். சீழைச் சுத்தம் செய்து, மாத்திரை எழுதிக்கொடுத்து, "திரும்ப முதல்லேர்ந்து பதினாலு நாள்" என்றார். என் லீவு முடிய மூன்று நாள்தான் பாக்கி.

லீவு முடிந்ததும் கட்டோடு போய் சூப்பர்வைசர் முன்னால் நின்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சோப்பு நுரை வரைக்கும் சொல்லிவிட்டேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அது சிரிப்புதான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"எடது கை நல்லாதான கீது? லேபிள் ஒட்டற டேபிள்ல போய் உக்காரு. தண்ணி குடிக்கக்கூட அந்தக் கைய நீட்டாத" என்றார்.

இடது கையால் லேபிள் ஒட்டினேன். முதல் நாள் எல்லாம் கோணல். வீட்டில் அவர் தண்ணீர் பிடித்தார், துவைத்தார். நான் ஓரமாக உட்கார்ந்து, எந்தப் புடவை சாயம் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை அப்படி உட்கார்ந்திருப்பது எனக்குப் பாரமாக இல்லை. சாயங்காலங்களில் நாங்கள் அவ்வளவு பேசியது கல்யாணமான புதிதில்கூடக் கிடையாது.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, தூங்கி எழுந்தபோது பொருக்கு பாயில் கிடந்தது. அடியில் இளஞ்சிவப்பாக, பிறந்த குழந்தையின் தோல் மாதிரி புதுத்தோல். மகள் ஒரு விரலால் தொடப் பார்த்துவிட்டு, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மறுவாரம் என் பழைய சீட்டில் உட்கார்ந்து சுற்றிய முதல் காயிலில் கம்பி ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. பெர்மனன்ட் லிஸ்டில் என் பெயர் கடைசியாக இருந்தது. கடைசியானால் என்ன, இருந்ததே!

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைத் துணி அவருடையதாகிவிட்டது. யாரும் சொல்லாமலே அப்படி அமைந்துவிட்டது.

இன்றைக்கும் எனக்கு உடம்புக்கு முடியாதபோது யாராவது ஒரு டம்ளர் வெந்நீரைக் கொண்டுவந்து நீட்டினால், 'உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்று சொல்லத்தான் வாய் வருகிறது. அதை அடக்கிக்கொண்டு, கூச்சப்படாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன்.