கொம்பைப் பிடித்துச் சொன்ன ஜாமீன்

ஆறாவது வங்கியிலும் அதே பல்லவிதான். குடியிருப்பு அட்டை எங்கே? லாமாரா பாஸ்போர்ட்டைத் திறந்து முத்திரையைக் காட்டினாள். அட்டையைப் புதுப்பிக்க எழுதிக்கொடுத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. அது வரும்வரை இந்த முத்திரையே போதும் என்று போலந்து அரசாங்கம்தான் குத்திக் கொடுத்தது. வங்கிக்காரனுக்குப் போதாதாம். அந்த அட்டை எந்த அலமாரியில் குறட்டை விடுகிறதோ, பாழாய்ப்போனது.

லூப்லின் நகரத்தில் நான்கு வருடமாக தன் நாட்டுக்காரன் அவ்தாண்டிலின் ரொட்டிக் கடையில், மண் அடுப்புக்குள் தலையை விட்டு உள்சுவரில் ரொட்டி ஒட்டுகிறவள் அவள். முழங்கை வரை முடி பொசுங்கிக் கிடக்கும். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடை காலியாகியிருக்கிறது. சொந்தமாக அடுப்பு கட்டக் கடன் கிடைத்தால் கடை அவளுக்கு. திங்கட்கிழமைக்கு மேல் பொறுக்க மாட்டேன் என்று கடைச் சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கடைசியில் அந்த ஆறாவது வங்கியிலேயே, கிராஜினா என்ற பெண்ணுக்குத்தான் மனசு இளகியது. "நிரந்தர அட்டை இருக்கிற யாராவது ஜாமீன் போட்டா, இந்த முத்திரைய வச்சே முடிச்சுத் தர்றேன்" என்றாள்.

லாமாரா யோசிக்கவே இல்லை. முதலாளி பெயரையே எழுதினாள். புத்தாண்டு விருந்தில், ஒயின் நிறைந்த மாட்டுக்கொம்புக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, "லாமாரா சொந்தமா அடுப்பு வைக்கணும், அதுக்கு நான் ஜாமீன்" என்று சொன்னவன் அவன்தானே. மேஜை முழுக்க எழுந்து நின்று குடித்தது. எங்கள் ஜார்ஜியாவில் கொம்பைப் பிடித்துச் சொன்னதற்குப் பத்திரம் கேட்கிறவன் மனிதனே இல்லை. அப்படி நம்பி ஏமாற எங்களால்தான் முடியும்.

வங்கியிலிருந்து அவனுக்குப் போன் போனது. "என் கடையில ரொட்டி ஒட்டுற பொம்பளை. நாளைக்கே நாடு கடத்திடுவாங்க. அவளுக்குப் போய் நானா?" என்றானாம். சொல்லும்போது கிராஜினா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவ்தாண்டிலின் மாமனாருக்கு வருட நினைவு விருந்து. கூப்பிட்டிருந்தார்கள், போனாள். அவன் எழுந்து, கையில் கோப்பையோடு, "அப்படி ஒரு நேர்மையான மனுஷன் இனிமே பிறக்கணும்" என்று கண் கலங்கினான். எல்லோரும் நின்றபடி குடித்தார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். லாமாரா உட்காரவில்லை.

"அண்ணே, வங்கியில என்ன சொன்னீங்க?"

"இப்ப எதுக்கு அது? உக்காந்து சாப்பிடு."

"ஜாமீன் நான்னு கொம்பைப் பிடிச்சுச் சொன்னீங்களே."

"அட, அது குடிச்ச வாயில வர்றது. அதப் போய் வங்கிக்குத் தூக்கிட்டுப் போனியா? நல்ல ஆளும்மா நீ."

மேஜையில் சிரிப்பு.

"அப்போ இப்ப மாமனாருக்குச் சொன்னீங்களே, அதுவும் குடிச்ச வாயில வந்ததுதானா?"

சிரிப்பு அப்படியே நின்றது. அவ்தாண்டிலின் மனைவி ஏத்தெரி ஆட்டுக்கறிச் சோற்றுத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். அவளுடைய அப்பாவுக்குத்தான் அந்த விருந்து.

"வெளிய போ. நாளைக்குக் கடைப் பக்கம் வராதே" என்றான் அவ்தாண்டில்.

திங்கட்கிழமை காலை, விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள லாமாரா வங்கிக்குப் போனாள். கிராஜினாவின் எதிரே ஏத்தெரி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலை உடுப்பு. மேஜைமேல் அவளுடைய நிரந்தர அட்டையும் சம்பளச் சீட்டும் இருந்தன. ஜாமீன் தாளில் கையெழுத்துக் காயக்கூட இல்லை.

லாமாரா மேஜையருகே போனாள். "அக்கா, நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்க..."

"வாயை மூடு. உன்மேல எனக்கு இன்னும் கோவம் தீரல" என்று ஏத்தெரி அட்டையைப் பைக்குள் திணித்தாள். "உனக்காகவும் போடல. அந்த ஆள் கோப்பையைப் பிடிச்சுச் சொன்னதுல ஒண்ணாவது நிக்கணும். இல்லேன்னா எங்கப்பாவுக்குச் சொன்னதும் பொய்யாயிடும்."