ஒருத்தரிடம் மட்டும்தான் சொன்னேன்

ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் நான் டீச்சர். போன வருடம் காப்பி பறிப்பு தொடங்கிய சமயம், நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று புதிதாக வந்து சேர்ந்தாள். முதல் வாரத்திலேயே மூன்று பிள்ளைகளைக் கடித்து வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபத்தில் கடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார ஆசை, எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. பந்து வேண்டுமென்றால் கேட்க மாட்டாள், பிடுங்குவாள். பிடுங்க முடியாவிட்டால் பல்.

அவள் அம்மா எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறவள், புருஷன் அவளோடு இல்லை. கூப்பிட்டு விசாரித்தால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். ஒரு நாள் சாயங்காலம், மற்ற பிள்ளைகளெல்லாம் போன பிறகு, தானாகவே சொன்னாள்.

"முன்னாடி இருந்த எஸ்டேட்ல புள்ளையப் பாத்துக்க ஆளில்லீங்க டீச்சர். சோத்தப் போட்டு வெச்சுட்டு, புள்ளைய உள்ள வுட்டு ஊட்டப் பூட்டிட்டுப் போயிருவனுங்க. ஒரு வருசம் அப்பிடித்தான். அதுக்கு வேற புள்ளைங்களோட வெளையாடுனதே இல்லீங்க. யார்கிட்டயும் சொல்லிராதீங்க. லைன் வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா காறித் துப்புவாங்க."

"என் வாயிலிருந்து வராது" என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

பெரியவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஏற்காடு பஸ்ஸில் வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். பிள்ளைகளிடம் மட்டும் எங்கிருந்தோ பொறுமை வந்துவிடும். முதல் பத்து நாள் அவளை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் விளையாடுவதை வேடிக்கை பார்க்கச் செய்தேன். அப்புறம் ஒரே ஒரு வாயாடிச் சிறுமியோடு மட்டும் விட்டேன். பந்தை உருட்டுவது, திரும்பி வரும்வரை காத்திருப்பது. "நானும் வரட்டுமா?" என்று கேட்பதை நாங்கள் இருவரும் தனியாகப் பழகினோம். நான் குழந்தையாக உட்காருவேன், அவள் வந்து கேட்பாள். கடிக்கத் தோன்றினால் என் முந்தானையைக் கடிக்கலாம் என்று சொல்லியிருந்தேன். இரண்டு சேலையின் முந்தானை போய்விட்டது, போகட்டும்.

எங்கள் மையத்தில் ஒரு சட்டம் உண்டு. சண்டை போட்டுச் சுண்டுவிரலை நீட்டிக் காய் விட்ட எந்தப் பிள்ளையும், பழம் விடாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. இரண்டு விரலைச் சேர்த்து நீட்டி மற்றவர் விரலைத் தொட வேண்டும், அவ்வளவுதான். இவளுக்கு அது தெரியவில்லை. யாராவது விரலை நீட்டினால் அடிக்க வருகிறார்கள் என்று முகத்தை மூடிக்கொள்வாள். ஒரு மாதம் கழித்து, வாயாடியிடம் அவளாகவே போய் இரண்டு விரலை நீட்டினாள். அன்றைக்கு நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

சமையலறையில் இருந்தது ஆயா, பதினொரு வருடமாக என்னோடு வேலை பார்க்கும் உதவியாளர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே தூக்குப்போசியில் சாப்பிட்டிருக்கிறோம். என் வீட்டுக் கஷ்டம் அத்தனையும் அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டும் அந்தக் குழந்தையைக் கண்டாலே ஆகாது. ஒரு முறை அவள் இன்னொரு பிள்ளையைக் கடித்தபோது, கரண்டிக்காம்பால் கையில் ஒன்று வைத்துவிட்டார். நான் கத்தினேன். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் நான் சொல்லிவிட்டேன். அவர் மனம் இளகட்டும் என்றுதான் சொன்னேன். பூட்டிய வீடு, சோற்றுத் தட்டு, ஒரு வருடம், எல்லாவற்றையும். "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்றும் சொன்னேன்.

"அட சாமீ" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் குழந்தைக்குத்தான் முதல் முட்டை, தானே உரித்துக் கொடுப்பார். நான் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பறிப்புக் காலத்தில் சாயங்காலம் மூட்டைகளை எடை போடும் இடத்தில்தான் எங்கள் ஊர்ச் செய்தியெல்லாம் உலவும். பெண்கள் வரிசையில் நிற்பார்கள், வாய் சும்மா இருக்காது. ஆயாவின் வீடு அதற்கு எதிரிலேயே. ஒருத்தி, தன் பிள்ளையின் கையில் பல் பதிந்திருந்ததைக் காட்டித் திட்டியிருக்கிறாள். ஆயா குழந்தைக்குப் பரிந்து பேசப் போயிருக்கிறார். பரிந்து பேசியே அத்தனையையும் கொட்டிவிட்டார்.

மறுநாள் காலை அந்தக் குழந்தை உள்ளே வந்ததும் வாயாடி சுண்டுவிரலை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அப்புறம் எல்லோரும். ஏன் என்று கேட்டேன்.

"எங்கம்மா சொல்லுச்சுங்க டீச்சர். பூட்டி வெச்ச புள்ளகூடச் சேரக் கூடாதாம்."

பழம் விடச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. பிள்ளைகள் போட்ட சண்டையென்றால் என் சட்டம் செல்லும், இது வீட்டிலிருந்து வந்த சண்டை. மதியம் வீடு கட்டி விளையாடினார்கள். நாற்காலியைச் சாய்த்துக் கதவாக வைத்து, "நீ உள்ள இரு, நாங்க பூட்டிட்டு வேலைக்குப் போறோம்" என்றார்கள். அவள் அழவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்கள் என்று சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தாள். நான் அந்த நாற்காலியை எட்டி உதைத்தேன்.

"நல்லதுக்குத்தானுங்க சொன்னேன் டீச்சர். பாவம்னுதான்" என்றார் ஆயா.

"உங்கள நம்புனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றேன். என் புருஷன் ஏமாற்றியபோதுகூட நெஞ்சு இப்படி எரியவில்லை. பதினொரு வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டவர், ஒரு எடை போடும் நேரத்தில் என்னைக் கைவிட்டுவிட்டார். அன்று முதல் நான் தனியாகச் சாப்பிட்டேன்.

குழந்தை அடுத்த இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் மையத்தை ஆயாவிடம் விட்டுவிட்டு எஸ்டேட் லைனுக்குப் போனேன். அம்மா துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மாரமங்கலம் பக்கம் வேறு எஸ்டேட்டில் வேலை கேட்டிருக்கிறாளாம். குழந்தை என்னைப் பார்த்ததும் ஓடி வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க டீச்சர், உக்காருங்க" என்றாள் அம்மா. சண்டை பிடிப்பாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

"நான் சொல்லலம்மா. ஆயாதான் எல்லார்கிட்டயும் சொல்லிருச்சு. நானும் நம்பி மோசம் போயிட்டேன்" என்றேன்.

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "ஆயாகிட்ட நான் ஒரு வார்த்த பேசுனதில்லீங்களே டீச்சர்."

மூட்டையிலிருந்து நழுவிய ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அங்கே போனதும் பிள்ளையை அங்கன்வாடியில் சேர்த்துவிடு என்றேன். அந்த டீச்சரிடம் விஷயத்தை விவரமாகச் சொல், அப்போதுதான் பொறுமையாக நடத்துவார்கள், இல்லையென்றால் அடித்துவிடுவார்கள் என்றும் சொன்னேன்.

"சேத்திருவனுங்க" என்றாள். என் முந்தானையிலிருந்து குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். "சொல்ல மட்டும் மாட்டனுங்க. அடிச்சா அடி வாங்கிக்கட்டும்."