ஜெரோமின் வாசிப்பு

ஜெரோமின் வாசிப்பை என்னுடையது என்று சொல்லித்தான் நான் துபாயில் பேண்டு மாஸ்டர் ஆனேன். அத்தோடு நின்றிருந்தால் ஒருவேளை உங்களிடம் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்... பிறகு அவனைக் கள்ளன் என்று உலகம் நம்பவும் விட்டேன்.

இருவரும் தூத்துக்குடிக்காரர்கள். ஒரே மாதா கோயில் பேண்டில் கிளாரினெட் பழகியவர்கள். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் பஹ்ரைனில், மனாமாவின் ஓர் ஓட்டலில் சிறு குழுவாக வாசித்தோம். ஸ்விங் என்பார்கள், நம் தாத்தாக்கள் காலத்து அமெரிக்க நடன இசை. வயதான வெள்ளைக்காரர்கள் அதற்கென்றே வருவார்கள். ஜெரோம் தலைவன். நான் அவன் பக்கத்தில் நிற்கும் இரண்டாம் கிளாரினெட். அதே ஊரில் குதைபியா பகுதியில் ஒரே அறை, ஒரே சமையல்.

அவன் வாசிப்பை எப்படிச் சொல்வேன்? தாழ்ந்த சுரத்தில், யாரிடமோ பேசுவது போலத் தொடங்குவான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை மறந்து நின்றுவிடுவார்கள்... ஆட வைப்பதற்கான இசை அது! நான் பிசகாமல் வாசிப்பேன். எனக்காக யாரும் நின்றதில்லை.

துபாயில் ஒரு பெரிய ஓட்டலுக்கு, கிளாரினெட் வாசித்துக் குழுவையும் நடத்த ஆள் தேடினார்கள். ஜெரோம் லீவில் ஊருக்குப் போயிருந்தான். வாசிப்பை சிடியில் அனுப்பச் சொன்னார்கள். என்னுடையதைப் பதிவு செய்து கேட்டேன். சகிக்கவில்லை. அறையில் ஜெரோமின் பதிவு ஒன்று கிடந்தது. அதைப் பிரதி எடுத்து என் பெயரை எழுதினேன்.

வேலை கிடைத்தது. ஊரிலிருந்து திரும்பிய ஜெரோம் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினான். என் பெட்டியைக் கட்டிக் கொடுத்ததும் அவன்தான்!

துபாயில் என் வாசிப்பைக் கேட்டு மேலாளர் முகம் சுளித்தார். லெபனான்காரர், இசை தெரிந்தவர். புது ஊர், பழக்கமில்லாத குழு என்று சமாளித்தேன். வைத்துக்கொண்டார்கள். மனைவியையும் மகளையும் வரவழைத்தேன்.

சில வருடங்களில் மனாமா ஓட்டல் எங்கள் பழைய பேண்டை நிறுத்திவிட்டு டிஜே வைத்தது. ஜெரோமின் விசா முடியும் தறுவாய். எனக்குக் கீழே வாசிக்கலாம் என்று நினைத்து, என்னிடம் சொல்லாமலேயே என் ஓட்டலுக்கு சிடி அனுப்பினான். அதே பதிவு!

மேலாளர் என்னை அழைத்தார். உன் வாசிப்பைத் தன்னுடையது என்று ஒருவன் அனுப்பியிருக்கிறான், இவனைத் தெரியுமா என்றார்.

அந்தக் கணத்தில் என்ன செய்திருக்க வேண்டும்... உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் நான் சொன்னது வேறு. தெரியும், பழைய குழுவில் கூட வாசித்தவர், பாவம், கஷ்டத்தில் இருப்பார், விட்டுவிடுங்கள் என்றேன். பாவமாம்! கருணை வேடமும் சேர்த்துப் போட்டேன்.

அவர் விடவில்லை. வளைகுடா ஓட்டல்களுக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகளிடம் சொல்லிவிட்டார். பிறகு ஜெரோமை எவரும் அழைக்கவில்லை.

அவன் எனக்குப் போன் செய்தான். "எவனோ என் சிடிய எடுத்து வெளாண்டிருக்கான்டே. நான் கள்ளனாம். நீ அங்கதான இருக்க... அது ஜெரோம் வாசிச்சதுதான்னு ஒரு வார்த்த சொல்லேன்."

"சொல்லிப் பாக்கேன்டே" என்றேன்.

சொல்லவில்லை. சில நாள் கழித்து, பேசிப் பார்த்தேன், அவர்கள் நம்பவில்லை என்றேன். என்மேல் ஏன் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஊருக்குப் போய்விட்டான்.

என் அப்பா இறந்தபோது நானும் ஊருக்குப் போனேன். சவப்பெட்டிக்கு முன்னால் கோயில் பேண்டு நடந்தது. முன்வரிசையில் ஜெரோம்! துறைமுகத்தில் ஏதோ வேலையாம்; அப்பாவுக்காக லீவு போட்டு வந்திருந்தான். கல்லறைவரை வாசித்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவன் முதுகைப் பார்த்தபடியே நான் நடந்தேன்.

அடக்கம் முடிந்ததும் என் தோளில் கை வைத்தான். "அன்னைக்கு எனக்காவப் போய்ப் பேசுனியே... அத நான் மறக்கலடே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... தலையை மட்டும் அசைத்தேன்.

எப்போது துபாய்க்குத் திரும்புகிறாய் என்று கேட்டான். வெள்ளிக்கிழமை என்றேன்.

"நல்லா வாசிடே" என்றான்.