தேர்தல் அலமாரி

என் கணவருக்கு அரசியல் ஆர்வம் அதிகம் என்று அரிமளத்தில் எல்லாரும் நம்பினார்கள். அவருக்குப் பிடித்தது வெறும் காகிதம் என்பது எனக்குத்தான் தெரியும். சுவரில் ஒட்டிய நோட்டீஸைத் தண்ணீர் தெளித்து உரித்துக்கொண்டு வருவார். கூட்டம் முடிந்ததும் மேடையில் ஏறித் தோரணக் கொடிகளைப் பொறுக்குவார். எந்தக் கட்சி பேட்ஜ் ஆனாலும் பல்லை இளித்துக் கேட்டு வாங்கிவிடுவார். யாரோ ஒரு தலைவர் கழற்றி எறிந்த மாலையின் ஜரிகைகூட எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. அந்தத் தலைவர் என்ன பேசினார் என்று கேட்டால், "நல்ல கூட்டம்" என்பார். பேச்சைக் கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு. என் சேலைகள் பரணில் மூட்டையாகக் கிடந்தன.

எங்கள் ஊர் ராஜா ஆண்ட சமஸ்தானத்தில் இருந்தது. கட்டுமாவடிப் பக்கம் வெள்ளைக்காரச் சீமை. அங்கே என் அப்பா எனக்கு எழுதி வைத்த தென்னந்தோப்பு ஒன்று உண்டு. உலகச் சண்டை முடிந்து சென்னை சட்டசபைக்குத் தேர்தல் வந்தபோது, அந்தத் தோப்பால் எனக்கு அங்கே ஓட்டு இருந்தது. சமஸ்தானத்து ஆளான அவருக்கு இல்லை.

கலியாணமானதிலிருந்து என்னை யாரும் எதிலும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாட்டை விற்றதைக்கூடத் தொழுவம் காலியான பிறகுதான் தெரிந்துகொள்வேன். இப்போது சர்க்காரே என்னைக் கேட்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அலமாரியிலிருந்த நோட்டீஸ்களை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்து, யாருக்குப் போடுவது என்று முடிவு செய்தேன். அந்தக் குப்பையால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "உள்ள ஒரு சீட்டுத் தருவாங்க. பொட்டியில போட்டுறாத. இடுப்புல சொருகிக்கிட்டு வந்துரு. இங்கிட்டு ஒருத்தன்கிட்டயும் அது இல்ல."

"அப்ப நான் எதுக்குங்க ஓட்டுப் போடப் போறேன்?"

"ஒன் ஒரு ஓட்டுலதான் எவனும் ஜெயிக்கப் போறானாக்கும்."

பஸ்ஸில் வழி நெடுக அவர் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்து வந்தேன். இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறோமே என்று அன்றைக்குப் போல என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை.

ஓட்டுச்சாவடியில் சீட்டைக் கொடுத்து, ஒரு தட்டி மறைப்புக்குப் பின்னால் அனுப்பினார்கள். ஆளுக்கொரு நிறத்தில் பெட்டிகள் இருந்தன. விரும்பியவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. இஷ்டப்பட்ட பெட்டியில் போட்டேன். முழுசாக உள்ளே விழுந்துவிட்டதா என்று விரலால் தடவியும் பார்த்துக்கொண்டேன்.

வெளியே புளியமரத்தடியில், சீட்டு மடங்கக் கூடாதென்று ஒரு பெரிய கவரோடு அவர் நின்றார். கையை நீட்டினார்.

"போட்டுட்டேங்க."

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா" என்றார். பிறகு வரிசையில் நின்ற பெண்களிடம் போய்க் கெஞ்சினார். ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பாக வந்தது, சிரித்தேன்.

அதற்குப் பிறகு பல வருஷம், அலமாரியைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ஓட்டுச்சீட்டு மட்டும் இல்ல, இவளால போச்சு" என்று என்னைக் காட்டுவார். வந்தவர்களும் உச்சுக்கொட்டுவார்கள். நான் யாருக்குப் போட்டேன் என்று மட்டும் அவர் சாகும்வரை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.