சோப்புப் பழி

தேயிலை எஸ்டேட்டில் இலை பறித்து ஓய்வு பெற்ற பிறகு, ஊட்டியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அங்கே யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். ஆனால் நான் கழுவிய குடுவையில் ஒரு பொட்டுச் சோப்பு மிஞ்சாது. மூன்று தண்ணீர் அலசுவேன்.

வடக்கே ஏதோ ஒரு ஏரியிலிருந்து, ஆய்வுக்கூடத்தை நடத்தும் சார் சேறு கொண்டுவந்திருந்தார். உப்பும் சோடாவும் மண்டிய தண்ணீராம். வாயில் வைத்தால் நாக்கு வெந்துவிடுமாம். அதிலும் ஒரு கிருமி கந்தகச் சத்தைத் தின்று பிழைக்கிறது. அதைக் குடுவையில் வளர்த்து பெங்களூருக்கு அனுப்பினால், அதன் உயிருக்குள் எழுதியிருப்பதை மெஷின் எழுத்தெழுத்தாகப் படித்துக் கொடுக்கும் என்று ஆராய்ச்சிக்கு வந்த பெண் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் காலை, நான்கு குடுவைகளின் அடியிலும் வெளுப்பாக ஏதோ படிந்திருந்தது. பிள்ளைகள் சுற்றி நிற்க, சார் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"சோப்பு. கிருமி எல்லாம் செத்துப்போச்சு. எஸ்டேட்ல சட்டி கழுவுன மாதிரி கழுவியிருக்காங்க இந்தம்மா. எல்லாத்தையும் கொட்டுங்க. அடுத்த மாசம் வேற ஆள் பாத்துக்கலாம்."

எனக்குக் காது சுட்டது. என் வீட்டுச் சட்டியில் இவர் என்ன அழுக்கைக் கண்டார்?

கொட்டுவதும் என் வேலைதான். மூன்றைக் கொட்டினேன். மூன்றாவதின் அடியில் வெந்நீர் ஊற்றினேன். சோப்பென்றால் நுரைக்க வேண்டும், கரைய வேண்டும். இது கரையவில்லை. விரலில் எடுத்தால் இளமஞ்சள். தேயிலையில் செம்பேன் பூச்சி விழும்போதெல்லாம் முகத்தில் துணி கட்டிக்கொண்டு கந்தகத் தூள் தூவியவள் நான். எனக்குத் தெரியாதா?

அதைத் தகர மூடியில் காயவைத்து, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"ஏன் கண்ணு, சோப்பு தீப்புடிச்சு எரியுமா?"

"எரியாதுங்கம்மா. ஏனுங்க?"

தீக்குச்சியை வைத்தேன். நீலமாக எரிந்தது. நெடி தாங்காமல் அவள் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தாள்.

"கந்தகமுங்கம்மா இது. அது சாகலைங்க, தின்னுட்டுக் கக்கி வெச்சிருக்குது. மீதிக் குடுவை?"

"ஒண்ணுதான் இருக்குது. மூணைக் கொட்டிட்டேன். கொட்டச் சொன்னாங்கல்ல."

கந்தகம் என்று சாரிடமும் சொல்லிவிட்டு, அந்த ஒன்றிலிருந்து அவள் மறுபடி வளர்த்து பெங்களூருக்கு அனுப்பினாள். சில வாரங்களில் பதில் வந்தது: தேடிய கிருமியேதான். சார் எல்லாருக்கும் லட்டுக் கொடுத்தார். சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நீங்களே இருங்கம்மா. பழசை நான் மனசுல வெச்சுக்கல," என்றார் என்னிடம்.

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பாம். லட்டை அவர் மேஜையிலேயே வைத்தேன்.

"சோப்புன்னு எல்லாரும் நிக்கறப்ப சொன்னீங்க சார். இல்லைன்னும் எல்லாரும் நிக்கறப்பவே சொல்லிருங்க."

"ஆயாவுக்குக் கோவத்தைப் பாரு," என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

சார் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா, சோப்பு இல்லை," என்றார்.

"அதுகிட்டச் சொல்லாதீங்க சார். இவங்களப் பாத்துச் சொல்லுங்க."

நாற்காலியைத் திருப்பினார். சொன்னார்.